மண்ணில் இருந்தால் காசில்லை



இம்முறை உங்களை ஒரு கடற்கரைக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். உங்களில் பலர் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கடற்கரையில் எங்களுக்கு என்ன புதினம் என்று கேட்பீர்கள். இது கிரேக்க நாட்டின் மிக்கோனோஸ் தீவில் உள்ள ப்சாரூ என்னும் கரை. ஈஜியன் கடலில் சைக்கிளேட்ஸ் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கின்றது. அதில் ஒன்றுதான் மிக்கோனோஸ். உலகத்துப் பெரும் பணக்காரரும் சினிமா நட்சத்திரங்களும் உதைபந்தாட்ட வீரர்களும் கோடை காலத்தில் உல்லாசப் படகுகளில் வந்து இறங்கும் இடம் இது. பளபளப்பான சஞ்சிகைகளில் இதன் படத்தை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். நீல நீர், வெள்ளைக் குடைகள், குடைகளுக்குக் கீழே மெத்தை போட்ட சாய்கட்டில்கள்.

ஜேர்மனியில் இருக்கும் என் பெறாமகள் 2024 செப்டெம்பரில் விடுமுறைக்கு அங்கே போனபோது என்னையும் கூட்டிச் சென்றாள். "காசுள்ள ஆக்கள் போற கடற்கரையை ஒருக்கால் பாப்பம் பெரியம்மா" என்பது அவளுடைய பேச்சு. போவதற்குப் பெரிய செலவில்லை. தீவின் பட்டினத்திலிருந்து பஸ் ஓடுகிறது. ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் தூரம். பெரிய தெருவில் இறங்கிச் சரிவான பாதையால் கீழே நடக்கவேண்டும். அந்த நடையில்தான் நாங்கள் எந்த உலகத்துக்குள் போகிறோம் என்று விளங்கியது. எங்களைக் கடந்து போன வாகனங்களின் கண்ணாடிகள் எல்லாம் கறுப்பு. கரைக்குப் பின்னால் கைப்பைகளும் கடிகாரங்களும் விற்கும் கடைகள். அக்கடைகளின் வாசலில் விலைச்சீட்டு எதுவும் தொங்கவில்லை.

கடல் அழகுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தீவில் ஆடி ஆவணி மாதங்களில் வடக்கிலிருந்து மெல்தேமி என்ற காற்று வீசும். நின்றவரைத் தள்ளும் காற்று. ப்சாரூ தெற்கே பார்த்த சிறிய குடா என்பதால் காற்று அங்கே தலைகாட்டுவது குறைவு. தண்ணீர் குளம் போலக் கிடக்கும். கிரேக்க மொழியில் மீனுக்கு ப்சாரி என்று பெயர். கரையின் பெயரிலேயே மீன் வாசம் இருக்கிறது. இன்று பணக்காரரை இழுக்கும் இதே அமைதிதான் முன்னொரு காலத்தில் மீன்பிடிப் படகுகளையும் ஒதுங்க வைத்திருக்கும்.

மணலில் இறங்கியதும் ஒரு வெள்ளை உடுப்புப் பையன் ஓடி வந்தான். முன்வரிசையா, பின்வரிசையா என்று கேட்டான். முன்வரிசையில் இரண்டு கட்டிலும் ஒரு குடையும் நூறு யூரோவைத் தாண்டிவிடும். எங்கள் காசுக்கு ஒரு யூரோ முந்நூறு ரூபாவுக்கு மேல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகல் படுத்திருப்பதற்கு முப்பதாயிரத்துக்கு மேல். சாப்பாடு வேறு. நான் திரும்பிப் போவோம் என்று பெறாமகளின் கையைப் பிடித்தேன். அவள் அசையவில்லை.

"கட்டிலில இருந்தால்தான் காசு, பெரியம்மா. மண்ணில இருந்தால் காசில்லை. சட்டம் இருக்கு" என்றாள்.

சொன்னவள் பையிலிருந்து துவாயை எடுத்து, கட்டில் வரிசைக்கும் தண்ணீருக்கும் இடையே கிடந்த மணலில் விரித்துவிட்டாள். பையனும் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டான். நாங்கள் இரண்டு மணித்தியாலம் அங்கே இருந்தோம். அவள் நீந்தினாள். நான் சேலைக் கரையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன். எவரும் முகம் சுளிக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் உடுத்தியிருந்ததை வைத்துப் பார்த்தால் அந்தக் கரையில் அதிகம் துணி உடுத்தியிருந்தவள் நான்தான்.

இந்தச் சட்டத்தைப்பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கணவாய்க் கதை. ப்சாரூவுக்குப் பக்கத்துக் கரையில் 2019ஆம் ஆண்டு நடந்தது. உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. சில அமெரிக்க உல்லாசப் பயணிகள் கடலோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் ஆறு தட்டுக் கணவாயும் சலாதும் பியரும் தண்ணீரும் எடுத்திருக்கிறார்கள். வந்த கணக்கு 836 யூரோ! இன்றைய மாற்று வீதத்தில் இரண்டரை இலட்சம் ரூபாவுக்கு மேல். கணவாயைச் சட்டியில் போட்டு இறக்கத் தெரிந்த உங்களுக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும். விலைப்பட்டியலில் விலை போட்டிருந்தது என்று கடைக்காரர் வாதாடினார். போட்டிருந்தால் அது களவில்லைத்தான். ஆனால் விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்களை நம்பித்தான் இப்படிப்பட்ட வியாபாரம் நடக்கிறது என்பது என் எண்ணம். கிரேக்கத்தில் நல்ல ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாப்பாட்டுக்கடையிலும் ஓர் அறிவித்தல் மாட்டியிருக்கவேண்டும்: பற்றுச்சீட்டுத் தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று. நாங்கள் பட்டினத்துக்குத் திரும்பி வந்து ஒரு பேக்கரியில் வாற்கோதுமை றஸ்க்கின்மேல் தக்காளியும் கொபனிஸ்தி என்ற காரமான பாற்கட்டியும் பூசிச் சாப்பிட்டோம். மிளகு தூவியதுபோல் நாக்கைச் சுடும் பாற்கட்டி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குடையின் நிழலுக்குப் பக்கத்திலும் வராத செலவு.

அந்த றஸ்க்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மிக்கோனோஸ் தீவு 86 சதுர கிலோமீற்றர்கூட முழுதாக இல்லை. பெரும்பகுதி மரமில்லாக் கருங்கல். பயிர் என்றால் வாற்கோதுமை, கொஞ்சம் திராட்சை. படங்களில் நீங்கள் பார்க்கும் வெள்ளைக் காற்றாலைகள் அழகுக்குக் கட்டியவையல்ல. தானியம் அரைப்பதற்குக் கட்டியவை. அவற்றில் அரைத்த மாவில் சுட்ட றஸ்க்கைக் கடந்து போகும் கப்பல்களுக்கு விற்றார்கள். ஆண்கள் கடலுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டில் தறி வைத்து நெய்தார்கள், தங்கள் சீதனத்துக்கும் பிள்ளைகளின் உடுப்புக்கும். 1941இல் ஜேர்மனியப் படைகள் கிரேக்கத்துக்குள் புகுந்தபின், இந்தத் தீவுகள் இத்தாலியரின் ஆட்சியில் விடப்பட்டன. பிரித்தானியக் கடற்படை கடலை மறித்தது. உள்ளே இருந்த தானியத்தைப் படைகள் எடுத்துக்கொண்டன. 1941-42 மாரியில் கிரேக்கம் எங்கும் பஞ்சம். மிக்கோனோஸ், சீரோஸ் போன்ற தீவுகளில் பலர் பட்டினியால் இறந்தார்கள். கப்பல் வராத தீவு என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளில் வெளிநாட்டவர் வரத் தொடங்கியபோது அவர்கள் முதலில் விரும்பி வாங்கியவற்றில் ஒன்று அந்தப் பெண்களின் தறித்துணி. மேற்சட்டை, சால்வை, தோள்பை. வியெனூலா குசத்தானா என்ற நெசவுக்காரியின் பெயர் தீவுக்கு வெளியிலும் பரவியது. 1961இல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி ஜக்குலின் கென்னடி தீவுக்கு வந்து போனார். 1970களின் தொடக்கத்தில் விமான நிலையம் வந்தது. பிறகு தறிச்சத்தம் குறைந்துவிட்டது. நகைக்கடைக்குக் கிடைக்கும் வாடகை தறிக்குக் கிடைக்காதல்லவா?

கிரேக்கத் தீவுகள் பலவற்றில் முதியவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. விளையும் காணியை ஆண்பிள்ளைகளுக்கு எழுதி, உப்புக்காற்றில் ஒன்றும் முளைக்காத கடலோரக் காணியைப் பெண்பிள்ளைகளின் தலையில் கட்டினார்களாம். உல்லாசப் பயணிகள் வந்தபின் அந்தக் கல்லுக்காணிக்குத்தான் பொன் விலை. இப்படிப் பலன் பெற்ற பெண்கள் எத்தனை பேரோ, விலை ஏறுமுன்பே விற்றவர்கள் எத்தனை பேரோ. ஆனால் அந்தத் தீவுகளில் வீடு மகளுக்குப் போவது பழைய வழக்கம். எங்கள் சீதன வீடு போலத்தான். சீதனத்தைச் சட்டத்திலிருந்து 1983இல்தான் நீக்கினார்கள்.

கட்டில்களைத் தட்டித் துவாய் மாற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுடன் பெறாமகள் பேச்சுக் கொடுத்தாள். அவர் அல்பேனியாக்காரி. முன்பு ஜேர்மனியில் வேலை செய்ததால் அந்த மொழி தெரிந்திருந்தது. நாங்கள் இலங்கை என்றதும் "தேயிலை" என்று சொல்லிச் சிரித்தார். சித்திரையில் வந்து ஐப்பசியில் திரும்புகிறார். மாரியில் எல்லாம் பூட்டிவிடுவார்களாம். மகன் தாயாருடன் ஊரில். தங்குவது மற்றும் மூன்று பெண்களுடன் ஓர் அறையில். தீவில் வாடகைக்கு வீடு எடுப்பது நினைக்க முடியாத காரியம் என்றார். வீடுகளைப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விட்டால் கிடைப்பது எங்கே, இவர்கள் கொடுப்பது எங்கே. மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் இதே கஷ்டத்தைப் படுகிறார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்தவர் இருக்க இடமில்லாமல் அலைகிறார். அதே ஊரில் ஒரு குடை நிழலுக்கு நூறு யூரோ!

மறுநாள் படகில் டெலோஸ் தீவுக்குப் போனோம். அரை மணி நேர ஓட்டம். ப்சாரூவில் கட்டில் எடுத்துப் படுத்திருக்கும் பலர் இங்கே போவதில்லை என்று படகுக்காரர் குறைப்பட்டார். டெலோஸ் முழுவதும் இடிபாடு. 1870கள் முதல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைத் தோண்டி வருகிறார்கள். கூலிக்கு மண் அள்ளியவர்கள் மிக்கோனோஸ்காரர்கள். அந்த இடிபாடுகளைப் பார்க்க வந்த படிப்பாளிகள்தான் மிக்கோனோஸுக்கு வந்த முதல் பயணிகளும். கடற்கரைக்காக எவரும் வரவில்லை.

டெலோஸின் பழங்கதையை உங்களுக்குச் சொல்லவேண்டும். லேட்டோ என்ற பெண் தெய்வம் வானத்து அரசனான சீயுஸால் கருவுற்றாள். சீயுஸின் மனைவி ஹீராவுக்குக் கோபம் மூண்டது. அவளுக்குப் பயந்து எந்த நாடும் எந்தத் தீவும் லேட்டோவுக்குப் பிள்ளை பெற இடம் கொடுக்கவில்லை. நிறைமாத வயிற்றோடு கரை கரையாக அலைந்தாள். கடைசியில் டெலோஸ் இடம் கொடுத்தது. ஒன்றும் விளையாத, கடலில் மிதந்து திரிந்த சின்னத் தீவு அது. இழப்பதற்கு அதனிடம் என்ன இருந்தது? ஒன்பது நாள் நோவுக்குப்பின் ஒரு பனைவகை மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்பொல்லோவைப் பெற்றாள். அந்தப் பிள்ளையால் டெலோஸ் கிரேக்கர் எல்லாரும் கும்பிடும் தலமாயிற்று. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர் தீவைப் புனிதப்படுத்துகிறோம் என்று புதைகுழிகளைத் தோண்டி அகற்றினார்கள். இனி இங்கே ஒருவரும் சாகவும் கூடாது, பிள்ளை பெறவும் கூடாது என்று கட்டளை போட்டார்கள். நிறைமாதப் பெண்களைப் படகில் ஏற்றிப் பக்கத்து ரெனேயா தீவுக்கு அனுப்பினார்கள். கர்ப்பிணிக்கு இடம் கொடுத்ததால் புகழ் பெற்ற தீவு அது! இன்னும் சில நூற்றாண்டுகள் போக, ரோமர் காலத்தில் அதே தீவு பெரிய அடிமைச் சந்தை. ஒரே நாளில் பத்தாயிரம் பேரை இறக்கி விற்கக்கூடிய துறைமுகம் என்று ஸ்ட்ராபோ என்ற பழைய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

படகு திரும்பி வந்து இறங்கும் மிக்கோனோஸ் துறைமுகத்து முற்றத்தில் ஒரு பெண்ணின் சிலை நிற்கிறது. மந்தோ மவ்ரொயெனூஸ். 1821இல் துருக்கியர் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர் எழுந்தபோது செல்வக் குடும்பத்துப் பெண்ணான இவர் தம் சொத்தைச் செலவழித்துக் கப்பல்களுக்கும் ஆட்களுக்கும் வழி செய்தார். உதவி கேட்டுப் பிரான்ஸ் தேசத்துப் பெண்களுக்குக் கடிதம் எழுதினார். போர் முடிந்ததும் படைப்பதவி ஒன்றை மரியாதைக்காகக் கொடுத்தார்கள். கொடுத்த செல்வம் திரும்பி வரவில்லை. பாரோஸ் என்ற பக்கத்துத் தீவில் வறுமையில் செத்துப்போனார். நீண்ட காலத்துக்குப் பின் நாட்டின் 2 திராக்மா நாணயத்தில் அவருடைய முகத்தைப் பொறித்தார்கள். அந்த நாணயமும் யூரோ வந்தபின் செல்லாக்காசாகிவிட்டது. சிலையைச் சுற்றிப் பயணிகள் பொதிகளை வைத்துவிட்டு வாடகைக் காருக்கு நிற்கிறார்கள்.

மந்தோ இறந்த அந்தப் பாரோஸ் தீவில்தான் 2023 கோடையில் நான் முதலில் சொன்ன சட்டத்துக்கு உயிர் வந்தது. துவாய் இயக்கம் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. இயக்கம் என்றதும் திடுக்கிட வேண்டாம்; துவாயைத் தவிர வேறொன்றையும் ஏந்தாத இயக்கம். கிரேக்கச் சட்டப்படி கடற்கரை எவருக்கும் சொந்தமில்லை. அது எல்லோருக்கும் பொது. அரசு அதில் ஒரு பகுதியைக் கட்டிலும் குடையும் போடக் குத்தகைக்கு விடலாம், அவ்வளவே. 2001ஆம் ஆண்டின் சட்டமும் இதைத்தான் சொன்னது. நடந்தது வேறு. கொஞ்ச மண்ணுக்குக் குத்தகை எடுத்தவர்கள் கரை முழுக்கக் கட்டில் போட்டார்கள். தண்ணீர் விளிம்புவரை போட்டார்கள். சொந்த ஊர்க்காரர் தங்கள் பிள்ளைகளைக் கடலில் குளிக்க வைக்கக் கொண்டுபோனால் உட்கார மண் இல்லை. பாரோஸ்காரர் குத்தகைப் பத்திரங்களை எடுத்து வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். உரிமம் பெற்ற பரப்பைவிட மிக அதிகமாகப் பிடித்திருப்பதைக் கணக்காகக் காட்டினார்கள். பிறகு குடும்பம் குடும்பமாகத் துவாயுடன் கரைக்குப் போய், "எங்கள் கரையைத் திருப்பித் தாருங்கள்" என்று பதாகை பிடித்தார்கள். கல் எறியவில்லை, கட்டில் உடைக்கவில்லை. செய்தி வேறு தீவுகளுக்கும் பரவியது. அதிகாரிகள் வந்து அளந்தார்கள், கட்டில்கள் குறைந்தன.

இது சும்மா நடந்த காரியம் என்று நினைக்கக்கூடாது. அதே 2023 மார்ச் மாதத்தில், மிக்கோனோஸில் சட்டவிரோதக் கட்டடங்களைச் சோதிக்கும் பொறுப்பிலிருந்த தொல்லியல் அதிகாரி ஒருவரை ஏதென்ஸ் நகரில் அடித்துத் தெருவில் போட்டிருந்தார்கள். கடலோர மண்ணில் எவ்வளவு காசு புரளுகிறது என்று இதிலிருந்து தெரியும். தொல்லியல் அதிகாரிகள் நாடு முழுவதும் வேலையை நிறுத்திக் கண்டனம் தெரிவித்தார்கள்.

2024 மார்ச்சில் புதிய சட்டம் வந்தது. தண்ணீர் விளிம்பிலிருந்து 4 மீற்றருக்குள் கட்டில் போடக்கூடாது. கரையின் பாதியாவது வெறுமையாக இருக்கவேண்டும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதி என்றால் 70 வீதம். கைத்தொலைபேசியில் மைகோஸ்ட் என்று ஒரு வசதி செய்தார்கள். எந்தக் கரையில் எவருக்கு எவ்வளவு இடம் குத்தகை என்று அதில் வரைபடம் பார்க்கலாம், மிஞ்சிப் பிடித்திருந்தால் அங்கிருந்தே முறையிடலாம். முதல் கோடையிலேயே ஆயிரக்கணக்கில் முறைப்பாடுகள் போயின. ப்சாரூவில் என் பெறாமகள் அவ்வளவு தைரியமாகத் துவாய் விரித்தது அந்த 4 மீற்றருக்குள்தான். அதைக் காலால் அளந்தும் பார்த்தாள், ஏழு எட்டடி நடை. பணம் கொடுத்து முன்வரிசையில் படுத்திருந்தவர்களுக்கு எங்கள் இரண்டு பேரின் முதுகுக்கு மேலால்தான் கடல் தெரிந்திருக்கும். பாவம், என்ன செய்வது.

அதே ஆண்டு அரசு 198 கரைகளின் பெயரைக் குறித்து, இவற்றில் கட்டில், குடை, இசை, சாப்பாட்டுக்கடை எதுவும் கூடாது என்று விலக்கியது. மிதிபடாத கரைகள் என்று அவற்றுக்குப் பெயர். பின்னர் அந்தப் பட்டியலை இன்னும் நீட்டினார்கள். அங்கே போகிறவர்கள் துவாயையும் தண்ணீர்ப் போத்தலையும் தாங்களே கொண்டுபோக வேண்டும். அந்தத் தீவுகளில் மர நிழல் அநேகமாக இராது. தலைக்கு ஒரு துண்டும் எடுத்துச் செல்வது நல்லது.